தோட்டத்து இளைஞரும் வாணிபக் கல்வியும்



அப்புத்தளை என்றதும் தேயிலையே நினைவுக்கு வருகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசும்போது கொழுந்திலே தனி மணம் ஏறுகின்றது. அம்மணத்தின் பொருட்டே ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்று நிற்கின்றது. ஆனால், அப்பண்டத்தைத் தலைமுறை தலைமுறையாக விளைவித்துக் கொடுத்த மக்கள், அது விலையாகும் விதத்தையும் அதன் வரவு செலவையும் அறியும் வாய்ப்பின்றியே வாழ்ந்து வந்தனர். இக்குறையை நீக்கவல்லது வாணிபக் கல்வி.

வாணிபம் என்பது வாங்கி விற்பது மட்டுமன்று என்பதற்கு அப்புத்தளையிலேயே ஒரு சான்று உண்டு. 1871இல் கிளாஸ்கோ நகரில் சிறிய மளிகைக் கடையொன்றைத் திறந்த தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தேயிலை பயிரிடும் முறையை அவர் கண்டுபிடித்தாரல்லர். அது 1867இலேயே லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லரால் வணிகப் பயிராகத் தொடங்கப்பட்டுவிட்டது. லிப்டன் செய்தது வேறு. இடைத்தரகர் பலரைத் தவிர்த்து, தோட்டத்துத் தேயிலையைத் தம் கடைகளுக்கே கொண்டு சேர்த்தார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த காலத்தில், அளவு குறித்த பொட்டலங்களில் தம் பெயரைப் பொறித்து விற்றார். ஊருக்கு ஊர் தண்ணீரின் தன்மை வேறுபடுவதை எண்ணி, அதற்கேற்பக் கலந்த தேயிலை என்று விளம்பரமும் செய்தார். இன்று மாணவர் 'சந்தைப்படுத்தல்' என்று பயிலும் பாடத்தின் பெரும்பகுதி இச்செயல்களுள் அடங்கிவிடும்.

இதே மலைகளில் கணக்கறியாமை விளைத்த துன்பமும் உண்டு. அக்காலத்தில் பெரிய கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரிலே கடனாக ஏறிற்று. கடன் இவ்வளவு என்றும், அதனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகவும் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தினால் ஆள் அங்கே போகலாம். கடனும் அவரோடு கூடவே போகும். அதில் எழுதிய தொகை சரியா, பிழையா என்று படித்தறிய இயலாதவர்களே பெரும்பாலோர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. எனினும், தன் கணக்கைத் தானே பார்க்க இயலாத நிலை அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இலவசக் கல்வி 1945இல் நாட்டிற்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதிக்குப் பின்னரே. ஆகவே உயர்தர வகுப்புகள் தோட்டப் பிள்ளைகளுக்குக் காலந்தாழ்த்தியே எட்டின. ஆய்வுகூடமில்லாத பாடசாலையிலும், தகுந்த ஆசிரியரும் கரும்பலகையும் இருந்தால் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி ஆகிய மூன்றையும் நன்கு கற்பித்தல் கூடும். பாடத்திற்கு வேண்டிய உதாரணங்களோ லயத்து வாசலிலேயே கிடக்கின்றன.

கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளச் சீட்டை மகள் கையில் எடுக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தாயின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 கழிக்கப்படுகின்றது. முகாமை தன் பங்காக 12 சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 செலுத்தவேண்டும். இந்த மூன்று எண்களையும் விளங்கிக்கொண்ட பெண், தாயின் முதுமைக்காலச் சேமிப்பைக் காக்கத் தெரிந்தவளாகின்றாள்.

தந்தையார் லயத்தருகே லீக்ஸ் பயிரிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். விதை, உரம், மருந்து, லொறிக் கூலி எல்லாமாக 25,000 ரூபா செலவு. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் விற்றது 40,000 ரூபாவுக்கு. 15,000 ரூபா இலாபம் என்று வீட்டார் மகிழ்வர். கணக்கீடு கற்ற மகனோ வேறொன்று கேட்பான்: "அப்பா, நாங்கள் எல்லோரும் சேர்ந்து இருபது நாள் உழைத்தோமே, அதற்குக் கூலி எங்கே?" நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று வைத்தாலும் இலாபம் போய் 5,000 ரூபா நட்டம் தெரியும். இனி எதைப் பயிரிடுவது, எப்போது விற்பது, அயல்வீட்டாரோடு சேர்ந்து ஒரே லொறியில் அனுப்பினால் கூலி எவ்வளவு குறையும் என்ற ஆராய்ச்சி அந்த இடத்திலே தொடங்குகின்றது. முகாமைத்துவம் என்பது இதுவே.

உயர்தரத்துக்குப் பின் செல்லவும் வழியுண்டு. அப்புத்தளையிற் புகைவண்டி ஏறினால் தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை கடந்து பதுளையை அடையலாம். அங்கே உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்திலே கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா பயிலலாம். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கையும் தேயிலைத் தொழில்நுட்பக் கற்கையும் உள்ளன. அப்பல்கலைக்கழகத்திற் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழ்மொழி மூலம் பயின்ற பிள்ளை தடுமாறுவது இயல்பே. ஆங்கிலப் பயிற்சி ஆறாம் வகுப்பிலிருந்தே செம்மையாக அமையின் அத்தடுமாற்றம் பெரிதும் குறையும்.

இங்கே பெற்றோர் எதிர்கொள்ளும் இக்கட்டை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கொழும்பிலே கடையொன்றில் வேலை கிடைத்தால் அடுத்த மாதமே வீட்டுக்குப் பணம் வரும். டிப்ளோமாவுக்கோ ஆண்டுகள் சில காத்திருக்கவேண்டும். இருப்பினும், கடையில் விற்பனையாளனாக நிற்கும் அதே இளைஞன் கணக்கேடு எழுதவும் கொள்முதல் செய்யவும் அறிந்திருப்பானாயின், நாளை தன் கடையைத் தானே நடத்த வல்லவனாவான். வேலைக்குப் போயே ஆகவேண்டியவரும் படிப்பை அடியோடு விட்டுவிடாது பகுதிநேர வகுப்புகளை நாடுதல் நன்று.

லிப்டன் நின்று பார்த்ததாகச் சொல்லப்படும் குன்றைக் காண இன்று பல நாட்டார் அப்புத்தளைக்கு வருகின்றனர். தம்பேத்தன்னை லயங்களைத் தாண்டியே அவர்கள் மேலே ஏறுகின்றார்கள். அவர்களுக்கு வழிகாட்டுதலும், தங்க இடமளித்தலும், தோட்டத்துத் தேயிலையை நல்ல பொட்டலத்திலிட்டு விற்றலும் தோட்டத்துப் பிள்ளைகளால் ஆகாத காரியங்களல்ல. அளவிற் குறையாமலும் விலையில் மிகையாமலும் விற்பதே வணிகர்க்கு அழகென்று பண்டைத் தமிழர் கருதினர். அந்த நேர்மையோடு கணக்கும் கற்றுத் தேர்ந்து, கொழுந்தைக் கொய்த மக்களின் பிள்ளைகள் அதன் விலையைப் பேசும் இடத்திலும் அமர்வார்களாக.