விதைநெல் மாதிரி ஒரு மென்பொருள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவ. வீடு, பிள்ளைங்க, குழுக் கணக்கு, இதுதான் என் உலகம். 2024 ஆகஸ்ட் மாதம் சென்னையில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு நடத்திய 'டாஸ்கான்ஃப்' என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு என் நாத்தனார் மகள் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாள். அங்கே இணையதளம் உருவாக்குற பிள்ளைகளைச் சந்தித்தேன். அவங்க சொன்னதை உங்ககிட்ட சொல்லத்தான் எழுந்து நிக்கிறேன்.

இது நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் எங்க குழுவோட ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. ஒவ்வொரு வீட்டு பாஸ்புக்கையும் வாங்கி வச்சுத் திரும்ப எழுதினோம். அதுக்கப்புறம் ஒருத்தரிடம் கணக்கு மென்பொருள் வாங்கினோம். சந்தா கட்ட ஒரு மாதம் தாமதமானதும் அது திறக்கவே இல்லை. கணக்கு நம்முடையது, சாவி அவர்கிட்ட.

மாநாட்டில் இதைத்தான் முதலில் கேட்டேன். கட்டற்ற மென்பொருளில் அப்படிப் பூட்ட முடியாதுன்னு ஒரு பெண் சொன்னாள். அதைச் செய்த முறையை வெளிப்படையா எழுதி வச்சிருப்பாங்களாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பல மென்பொருளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. திருத்தி அடுத்தவருக்குக் கொடுத்தால், திருத்திய முறையையும் சேர்த்துக் கொடுக்கணும்.

எனக்கு உடனே நெல் ஜெயராமன் ஐயா ஞாபகம் வந்தது. நம்ம திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுப்பாங்க. அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும். அப்படித்தான் அழிய இருந்த நெல்லெல்லாம் ஊர் ஊராப் பரவுச்சு. இதுவும் அதே வழிதான்னு சொன்னதும், அந்தப் பொண்ணு தன் நோட்டுல எழுதிக்கிட்டாள்!

இன்னொன்றும் தெரிஞ்சுக்கிட்டேன். நாம போனில் பார்க்கிற இணையதளங்களுக்கு அடிப்படையான உலகளாவிய வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. அவர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம் 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி, இது எல்லாருக்கும் பொதுன்னு அறிவிச்சுது. நம்ம வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானதும் 1930-இல் அதே ஏப்ரல் 30.

எல்லாமே வெளிப்படைன்னா நம்ம கணக்கை ஊரே பார்த்துடாதான்னு கேட்டேன். அப்படி இல்லையாம். அடுப்பு செய்யும் முறைதான் எல்லாருக்கும் தெரியும், நம்ம வீட்டுப் பானையில் என்ன வேகுதுன்னு தெரியாது. கணக்கு நம்ம கம்ப்யூட்டரில், நம்ம கடவுச்சொல்லுக்குள்தான் இருக்கும்.

ஒரு தம்பி தான் செய்துகொண்டிருந்த கடன் கணக்குப் பக்கத்தைக் காட்டினார். அதில் 'தவணை தவறியவர்கள்' என்று ஒரு பட்டியல். நான் சொன்னேன்: "தம்பி, எங்க ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் ஓடாது. அந்த மாசம் கட்ட முடியாதவளைத் தவறியவள்னு எழுதினா அவ கூட்டத்துக்கே வரமாட்டா. 'தவணை பாக்கி'ன்னு போடுங்க." அவர் அங்கேயே மாற்றினார். "நீங்க சொல்லாம எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார். பகலெல்லாம் வேலை பார்த்துட்டு, ராத்திரியில் சம்பளமில்லாமல் இதைச் செய்யும் பிள்ளை அவர். படிச்சவங்களுக்கும் நம்மிடம் கேட்க விஷயம் இருக்குன்னு அன்றைக்குப் புரிஞ்சுது.

கட்டற்றது என்பதால் செலவே இல்லைன்னு நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வேணும், கரண்ட் வேணும், பொறுப்பா உட்கார ஆள் வேணும். அதனால் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, நம்ம அலுவலகக் கம்ப்யூட்டரில் லிபர் ஆபீஸ் போட்டு, மூன்று மாதம் புத்தகத்திலும் அதிலும் சேர்த்தே கணக்கு எழுதுவோம். இரண்டு, மாதம் முடிந்ததும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வைப்போம். இன்னொரு புயல் வந்தாலும் நம்ம சேமிப்புக்குச் சாட்சி இருக்கும். மூன்று, புரியாத சொல் எது வந்தாலும் ஒவ்வொரு குழுவும் எழுதிக் கொடுங்க. அதை அந்தப் பிள்ளைகளுக்கு அனுப்புவோம். விதை வாங்கினவங்க திருப்பிக் கொடுக்கணும் இல்லையா, நாம கொடுக்கிறது அதுதான்.