பனிவெளியில் ஒரு வண்டி வீடு



சைபீரியாவின் வடகோடியில் தைமீர் என்றொரு தீபகற்பம் உண்டு. மாரிக்காலத்தில் அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் இறங்குவதுண்டு. பாதரசமே ஏறத்தாழ 39 டிகிரிக் குளிரில் உறைந்துவிடும் என்றால், அந்நிலத்தின் கொடுமையை நீங்களே உய்த்துணரலாம். அங்கே பனிமான் மேய்த்து வாழும் தோல்கன் இனக் குடும்பங்கள், மேய்ச்சலை நாடிப் பெயரும்போது வீட்டையும் உடன் இழுத்துச் செல்லும். அவ்வீட்டின் பெயர் பலோக் என்பது.

சறுக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய மரச்சட்டம். அதைச் சுற்றிப் பனிமான் தோல். அதற்கும் மேலே கித்தான் போர்வை. உள்ளே ஒரு சிறு இரும்படுப்பு. இவ்வளவே பலோக். பனிமானின் மயிர் உள்ளே காற்றறைகளை உடையது. அசைவின்றி அடைபட்ட காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவது என்று பள்ளியில் பயின்றிருக்கிறோம். அந்தப் பாடத்தை ஏட்டில் காணாமலே கைக்கொண்டவர்கள் அம்மக்கள்.

இன்று அத்தகைய கடுங்குளிர் நாட்டிற்கென மோட்டார் இழுக்கும் வண்டி வீட்டைக் கட்டுவோரும், விலைக்கு வாங்குவோரும் கருதத்தக்கவை சில உள. வெளியே 40 டிகிரிக் குளிர், உள்ளே 15 டிகிரி வெப்பம் எனக் கொண்டால், சுவரின் இருபுறத்துக்கும் வேறுபாடு 55 டிகிரி. வெப்பம் காக்கும் பொருளின் கனத்தை இருமடங்காக்கினால், அதன் வழியே கசியும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகும். ஆதலால் வீடு சிறிதாகவும், சுவர் தடித்ததாகவும் இருத்தல் நன்று. தரையையும் மறத்தலாகாது; வண்டியின் அடியிலும் குளிர்காற்று வீசுமன்றோ?

உள்ளிருந்து வெளியே ஊடுருவும் ஒவ்வோர் இரும்பாணியும் வெப்பம் தப்பியோடும் வாயிலாகும். அதன் தலையில் உறைபனி பூக்கும். மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி சுவருக்குள் புகுந்து உறைந்தால் மரம் நைந்துபோகும். எனவே ஆவி புகாத தாளைச் சுவரின் உட்புறத்தே ஒட்டுதல் வேண்டும். கடுங்குளிரில் சிலவகை எஃகு நொறுங்கும் தன்மை பெறும்; ரப்பர் விறைக்கும். அச்சும் இணைப்பும் அக்குளிருக்கென்றே செய்யப்பட்டனவா என்று உசாவுதல் கடன்.

இவை யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்டு, அண்டார்க்டிகாவின் ராஸ் பனித்தட்டில், பனிக்குள் புதைந்த சிறு குடிலொன்றில் தன்னந்தனியே வானிலையை ஆய்ந்துகொண்டிருந்தார். அடுப்புக் குழாயின் இணைப்புகள் கசிந்தன. எந்திரத்தின் புகைபோக்கியைப் பனி அடைத்தது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டு சென்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடுப்பை அணைத்தால் குளிர் கொல்லும். மூட்டினால் புகை கொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே அவர் கழித்த வாரங்களை எண்ணிப் பாருங்கள். அவர் அனுப்பிய கம்பியில்லாச் செய்திகள் தடுமாறுவதைக் கண்டு ஐயுற்ற தோழர்கள் மூவர், ஆகஸ்டுத் திங்களில் இழுவை எந்திரத்தில் வந்து அவரைக் காத்தனர்.

குளிருக்கு அஞ்சி ஒவ்வொரு துளையையும் அடைக்க விரும்புவது மனித இயல்பு. ஆனால் தாழ ஒரு துளை வழியே காற்று நுழையவும், உயர ஒரு துளை வழியே வெளியேறவும் வேண்டும். உறங்குமுன் நாள்தோறும் அவற்றிற் படிந்த பனியை நீக்குதல் வேண்டும். நச்சுவாயுவை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவி இப்போது கிடைக்கிறது, அதனையும் பொருத்துக. எனினும் அது துளைக்கு மாற்றாகாது.

ஆகவே, வண்டி வீடு வாங்கப் புகுவோர் ‘உள்ளே எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கும்?’ என்று கேட்பதற்கு முன், ‘காற்று எங்கே நுழைகிறது? எங்கே வெளியேறுகிறது?’ என்று கேட்பாராக. விடை தெளிவாக வராவிடின், அவ்வண்டி எத்துணை அழகியதாயினும் அதனை விட்டு விலகுதலே அறிவுடைமை.