முடி இறங்கியது, முடிவு வந்ததா?

(புதுக்கோட்டையில் இயக்கத் தோழர்களின் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புரட்சி எப்போது முடிகிறது என்று கேட்டால், கொடி மாறிய நாளைக் காட்டுவார் பலர். அரசன் இறங்கினான், ஆட்சி மாறியது, ஆகவே வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குச் சரிதானா? நாம் கூடியிருக்கும் இந்தச் சீமையைக் கொண்டே பார்ப்போம்.

1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மன் இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலே பிடிபட்டான்; கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டான்; அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினர். கும்பினியின் பக்கம் நின்ற தொண்டைமான் அரசோ நிலைத்தது. எதிர்த்தவர் தோற்றனர், துணைபோனவர் வென்றனர் என்றுதான் அன்றைய கணக்கன் எழுதியிருப்பான்.

1948 மார்ச் 3-ஆம் நாள் அந்த அரசும் போரின்றியே முடிந்தது. புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1971-இல் இந்தியா முழுவதும் மன்னர் மானியமும் ஒழிந்தது. அரசர் மாளிகை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம்! மனுவை ஏந்திய உழவன் அதன் படிகளில் ஏறுகிறான். தூக்கிலேறியவர் பெயரையோ மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர்.

ஆகவே, அரியணை நின்றதா விழுந்ததா என்பது அளவுகோல் அன்று. பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். 1789-இல் புரட்சி, 1804-இல் நெப்போலியன் பேரரசனாக முடிசூடினான், 1814-இல் பழைய அரச குலமே திரும்பி வந்தது. புரட்சி தோற்றது போலத் தோன்றும். ஆனால், திருச்சபையிடமிருந்து பறிக்கப்பட்டு விற்கப்பட்ட நிலங்கள் உழவர் பலர் கைக்கு வந்திருந்தன. மீண்டு வந்த மன்னனால் அவற்றைப் பிடுங்க முடியவில்லை. ஒழிந்த பிரபுக்களின் வரியை மீட்க முடியவில்லை. மக்கள் கைக்கு வந்து, எவராலும் திரும்பப் பறிக்க முடியாதது எதுவோ, அதுவே புரட்சியின் எச்சம்.

அந்த அளவுகோலை இங்கே வைப்போம். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், இம்மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கற்ற எழுத்தை யார் பறிப்பார்?

ஆனால் 2022 டிசம்பரில், வேங்கைவயலில், பட்டியல் இன மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கச் சென்ற அதிகாரிகள், கோயிலுக்குள் அம்மக்களுக்கு இடமில்லை என்பதையும், தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை என்பதையும் கண்டனர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 72 ஆண்டுகள் கழித்து! மன்னன் இறங்கினான்; சாதி இறங்கவில்லை.

பிறரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்தில் சமத்துவம் முழங்கிவிட்டு, ஊர் திரும்பியதும் உறவினர் முகம் கோணுமே என்று வாய் மூடுகிறவர் நம்மிடையே இல்லையா? அவர் கையிலிருக்கும் கொடிக்கு என்ன பொருள்?

ஊருக்குச் சென்றதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தொட்டியில் யார் நீர் எடுக்கிறார்? எந்தக் கோயிலுக்குள் யார் நுழைய முடியவில்லை? எந்தக் குவளை யாருக்கு? விடை கசந்தால், முதலில் உங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுங்கள். பிறகு மேடைக்கு வாருங்கள். 1948-இல் முடிந்தது அரசாட்சி. மிச்ச வேலை நம்முடையது.