ரேகை பதியவில்லை என்றால் உரிமை போய்விடுமா?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அரசின் அதிகாரம், தனி மனித உரிமை, விஞ்ஞானம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் பொருள் ஒன்று உங்கள் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அது ஆதார் அட்டை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

இதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். வாப்பா சொல்வார்: "நமக்கு மறைக்க என்ன இருக்கிறது? கேட்டால் கொடுத்துவிட்டுப் போவோம்." கல்லூரியில் படிக்கும் மகன் சொல்வான்: "எல்லாரையும் கண்காணிக்கத்தான் இதெல்லாம். எதையும் கொடுக்கக் கூடாது." வாப்பா சொல்வதில் நேர்மை இருக்கிறது. மகன் சொல்வதில் விழிப்பு இருக்கிறது. ஆனால் இருவரில் எவர் சொன்னபடி நடந்தாலும் ரேஷன் கடையில் கண்ணாவுக்கு அரிசி வந்துவிடாது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தான் வரும்.

முதலில் வாப்பாவின் கேள்விக்கு வருவோம். நாம் இரவில் கதவைச் சாத்துவது உள்ளே தவறு செய்வதற்காக அல்ல. வீடு என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்று சூரத்துந் நூரில் நமக்குக் கட்டளையே இருக்கிறது. வீட்டில் உள்ளவர் நல்லவரா கெட்டவரா என்று பார்த்து இடப்பட்ட கட்டளை அல்ல அது. எல்லார் வீட்டுக்கும் பொது.

இதே கதவு விஷயம் ஒரு காலத்தில் நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவரை ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஒரு பதிவேடு திறந்துவைத்து, இரவு நேரத்தில் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் வழக்குப் போட்டார். 1962-இல் தீர்ப்பு வந்தது. இரவில் வந்து கதவைத் தட்டுவது கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்தரங்கம் என்று ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து, அந்தரங்கம் தனி மனித சுதந்திரத்தின் பகுதிதான் என்று மாறுபட்டு எழுதினார்.

அந்தத் தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மைத் தொடர்ந்தது. ஆதாருக்கான ஆணையம் 2009-இல் ஏற்படுத்தப்பட்டது. 2010 முதல் எண்கள் வழங்கப்பட்டன. ஆனால் அதற்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2016-இல்தான். சட்டம் வருவதற்கு முன்பே கோடிக்கணக்கான மக்களின் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் எடுக்கப்பட்டுவிட்டன. இதை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு வயது 86. "எனக்கு வயதாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும்" என்று சொல்லும் நம் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வழக்கில் 2015-இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர், அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதிட்டார். அதற்கு அவர் காட்டிய பழைய தீர்ப்புகளில் ஒன்று கரக் சிங் வழக்கு. அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை காண ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உட்கார்ந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதில் கையெழுத்திட்ட நீதிபதிகளில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-இல் அது தவறான தீர்ப்பு என்று எழுதி ரத்து செய்தவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். தவறு என்று தெரிந்தால் தகப்பனார் தீர்ப்பையும் திருத்தத்தான் வேண்டும்.

ஆனால் எந்த உரிமையும் எல்லையற்றது அல்ல. இங்கே மகனும் கவனிக்க வேண்டும். அரசு நம்மிடம் எதையுமே கேட்கக் கூடாது என்று அந்த ஒன்பது பேரும் சொல்லவில்லை. கேட்பதற்கு நிபந்தனை வைத்தார்கள். ஒன்று, அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். இரண்டு, நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். மூன்று, நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் சட்டத்தின் மீதே தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் சட்டம் செல்லும் என்றார்கள். அரசு மானியத்துக்கும் நலத்திட்டத்துக்கும் ஆதார் கேட்கலாம். வருமான வரி பான் அட்டையோடு இணைக்கலாம். ஆனால் எல்லா வங்கிக் கணக்கிலும் கட்டாயம் இணைக்க வேண்டும் என்றது செல்லாது. சிம் கார்டுக்குக் கட்டாயம் என்றதும் செல்லாது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் அரசு உதவியை மறுக்கக் கூடாது. ஐந்தாமவரான நீதிபதி டி.ஒய். சந்திரசூட், இந்தச் சட்டத்தைப் பண மசோதா என்ற பெயரில் மாநிலங்களவையைத் தாண்டிக் கொண்டுபோனதே அரசியல் சட்டத்துக்குச் செய்த மோசடி என்று தனியாக எழுதினார்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். மெஷினில் விரல் வைத்ததும் அது நம்மை "அடையாளம் கண்டுகொள்கிறது" என்று நினைக்கிறோம். உண்மையில் அது ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் குறித்துக்கொண்டு, முன்பு பதிந்ததோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒத்துப்போனால் "ஆம்", குறைந்தால் "இல்லை". அந்த அளவை உயர்த்தி வைத்தால் திருடன் நுழைவது குறையும், ஆனால் உரியவரே வெளியில் நிற்பது கூடும். தாழ்த்தி வைத்தால் நேர்மாறாக நடக்கும். இரண்டு தவறுகளும் இல்லாத மெஷின் எங்கும் கிடையாது. இது விஞ்ஞானத்தின் குறை அல்ல. அதன் இயல்பு. விஞ்ஞானம் படித்தவர்களே இதைச் சொல்வார்கள்.

யாருடைய ரேகை பதியாமல் போகிறது? வருடக்கணக்காகப் பீடி சுற்றிய தாய்மாருடைய விரல். பாத்திரம் தேய்த்த கை. சுமை தூக்கிய, சிமெண்டு குழைத்த கை. வயதாகித் தோல் காய்ந்து சுருங்கிய கை. கண்ணில் புரை விழுந்தால் கருவிழிப் பதிவிலும் சிக்கல் வரலாம். ஆக, உழைத்தவர்களையும் முதியவர்களையும்தான் மெஷின் அதிகம் திருப்பி அனுப்புகிறது. அரசு உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களும் இவர்களே.

இதன் விலை என்ன என்று ஜார்க்கண்டில் பார்த்தோம். 2017-இல் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் அட்டையை நீக்கிவிட்டார்கள், பசியால் பிள்ளை இறந்தாள் என்று தாய் சொன்னார். மலேரியா காய்ச்சல் என்றது அரசுத் தரப்பு. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆதார் இல்லை, இணைக்கவில்லை, ரேகை பொருந்தவில்லை என்ற காரணங்களுக்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்குத் தானியம் மறுக்கக் கூடாது. வேறு அடையாள ஆவணம் பார்த்துக் கொடுத்துவிட்டு, அதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையையும் நீக்கக் கூடாது.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். மெஷின் "இல்லை" என்று சொல்வது ஒரு தகவல். அது தீர்ப்பு அல்ல. கடையில் இருப்பவர் அதைத் தீர்ப்பாக நினைத்துத் திருப்பி அனுப்புகிறார். நம் உம்மாவும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். டெல்லியில் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த உரிமை நம் தெருமுனையில் காணாமல் போகிறது.

அதனால் அந்த மூன்று நிபந்தனைகளையும் மூன்று கேள்விகளாக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுண்டரில் நின்றாலும் சண்டை போடாமல், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள்? எதற்காகக் கேட்கிறீர்கள்? இவ்வளவும் தேவையா?

அரசு உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆதார் கேட்டால் சட்டம் இருக்கிறது, நோக்கமும் இருக்கிறது. தயங்காமல் கொடுங்கள். மானியம் வரும் வங்கிக் கணக்குக்கும் அப்படியே. சிம் கார்டு வாங்கப் போனால், 2019-இல் செய்த திருத்தப்படி நாமாக விரும்பினால் ஆதார் கொடுக்கலாம். வேறு அடையாள ஆவணம் காட்டவும் வழி உண்டு. லாட்ஜிலோ பாத்திரக் கடைத் தவணைத் திட்டத்திலோ ரேகை வைக்கச் சொன்னால் "எந்தச் சட்டப்படி" என்ற முதல் கேள்வியிலேயே அது நின்றுவிடும்.

ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படியான மறைப்பு ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துக் கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்றும் தேதியையும் ஜெராக்ஸின் மேலேயே எழுதுங்கள். பத்திரங்களில் இருக்கும் ரேகையை நகலெடுத்து வங்கிப் பணத்தை எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. அதனால் ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தேவைப்படும்போது திறந்து மறுபடி பூட்டலாம். சந்தேகம் என்றால் 1947 என்ற எண்ணில் கேட்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் இந்த வாரமே வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

ரேஷன் கடையில் ரேகை பதியவில்லை என்றால் திரும்பி வராதீர்கள். கருவிழிக் கருவி இருந்தால் அதில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தரச் சொல்லுங்கள். கடைக்கு வர முடியாத முதியவர்கள் தம் சார்பில் ஒருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். அப்படியும் மறுத்தால், தேதி, நேரம், கடை எண், சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வட்ட வழங்கல் அலுவலருக்கு மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. முத்திரை விழுந்த தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போம்.

2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் தகவலைத் தவறாகக் கையாளும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. தனியாருக்குக் கடிவாளம், அரசுக்குக் கதவு திறந்து விடுவது என்பது சரியா என்று பிள்ளைகள் கேட்க வேண்டும். சட்டம் படித்துக் கேட்க வேண்டும். இங்கே உதவி பெறுகிறவர்களில் சிலராவது சட்டக் கல்லூரிக்கும் கணினித் துறைக்கும் போக வேண்டும் என்று நாங்கள் விரும்புவது இதற்காகத்தான்.

கடைசியாக, இந்தக் கேள்விகளை அரசிடம் மட்டும் கேட்டால் போதாது. நம் அறக்கட்டளையிடமும் கேளுங்கள். உதவி கேட்டு வருகிறவரின் வீட்டு நிலைமை முழுவதும் எங்கள் கோப்பில் இருக்கிறது. அது அமானிதம். இங்கே விண்ணப்பத்துக்கு மறைப்பு ஆதார் போதும். உதவி பெறுவோரின் படமோ பெயரோ நம் மடலில் வராது. இதில் எங்காவது குறை கண்டால் செயலாளர் என்ற முறையில் என்னிடமே வந்து சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உரிமையைப் பணிவோடும் துணிவோடும் கேட்கும் மனத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.