ஊரடங்கும் ஒரு வானொலிப் பெட்டியும்

(மொன்றியல், இல்-பிசார் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



2021 ஜனவரி 9ஆம் திகதி கியூபெக் மாகாணத்தில் இரவு 8 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மே 28ஆம் திகதி அது நீக்கப்படும்வரை இத்தீவின் வீதிகளும் பாலமும் இரவில் வெறிச்சோடிக் கிடந்தன. அந்த இரவுகளில் எம்மவர் இல்லங்களில் எண்பதுகளின் பாடல்களே ஒலித்தன. "அம்மாவும் அப்பாவும் ஏன் பழைய பாட்டுக்களையே கேட்கின்றார்கள்?" என்று இளையோர் வினவினர். அவ்வினாவிற்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

இளையோர்களே! உங்களுக்கு ஊரடங்கு புதிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்கள் பெற்றோருக்கு அது பழகிய சொல். 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டபோது, ஊரடங்கில் வீட்டினுள் முடங்கியவர்கள் அவர்கள். 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் கிடைக்கவில்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கிலே படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் சில்லைச் சுழற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. பிபிசி தமிழோசைச் செய்தி முதலில். பின்னர் கை ஓயும்வரை பாட்டு. அயலவர் அனைவரும் அந்த ஒரு பெட்டியைச் சுற்றியிருந்து கேட்டனர்.

அது பொற்காலமென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். குண்டுவீச்சும் இடப்பெயர்வும் உயிரிழப்பும் நிறைந்த காலம் அது. எமது ஏக்கம் அப்பெட்டியைச் சுற்றியிருந்த மனிதர்களுக்கானது. 2020 செப்டெம்பர் 25ஆம் திகதி எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் சென்னையில் மறைந்தபோது கண்கலங்கிய பலர், அக்குரலைத் தம்மருகில் இருந்து கேட்டு, இன்று இல்லாமற்போன உறவுகளையும் எண்ணியே அழுதனர்.

மொன்றியல் ஊரடங்கிலே மின்சாரத்திற்கும் பாட்டிற்கும் குறைவிருக்கவில்லை. ஆயினும் ஒரே வீட்டில் நால்வர், நான்கு அறைகளில், நான்கு கைபேசிகளுடன் தனித்திருந்தோம்.

பெற்றோர்களே! பாட்டை மட்டும் ஒலிக்கவிட்டுக் கதையை மறைத்து வைக்காதீர்கள். அப்பாட்டை எங்கே கேட்டீர்கள், அன்று சில்லைச் சுழற்றியவர் யார், அவர் இன்று எங்கே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளையோர்களே! வாரத்தில் ஓரிரவேனும் ஒரு பாட்டைக் குடும்பமாக இருந்து கேளுங்கள். அம்மம்மா, அப்பப்பா சொல்வதை உங்கள் கைபேசியிலேயே பதிவு செய்யுங்கள். மூத்தோர் பலரை இப்பெருந்தொற்று பறித்துச் சென்றுவிட்டது. அவர்கள் சொல்லாத கதைகளும் அவர்களோடு போய்விட்டன. எஞ்சியவற்றையேனும் காப்போம்.