ரீஃபண்ட் எங்க நிக்குது?
ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி மாறினா சாலரி அக்கவுண்ட்டும் மாறிடும். நான் பார்த்த வரைக்கும், வருமான வரி ரீஃபண்ட் சிக்கறது அங்கதான்.

"ரிட்டர்ன் போட்டாச்சு, பணம் வரல"ன்னு சொல்றவங்ககிட்ட முதல்ல கேப்பேன்: இ-வெரிஃபை பண்ணீங்களா? அதை 30 நாளுக்குள்ள முடிக்கணும். அதுக்கப்புறம்தான் பெங்களூரு மையம் உங்க ரிட்டர்னைக் கையில எடுக்கும்.

முடிச்சிருந்தா, போர்ட்டல்ல 'இ-ஃபைல்' மெனுவுக்குள்ள போய் 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' பாருங்க. 'ரீஃபண்ட் ஃபெயில்டு'ன்னு இருக்கா? பழைய அக்கவுண்ட் மூடியிருக்கலாம், இல்ல பேங்க்ல இருக்கற பேரும் பான் கார்டு பேரும் ஒத்துப்போகாம இருக்கலாம். அது தானா திரும்ப வரும்னு உக்காந்திருக்காதீங்க. ஓவர்டைம் பார்த்த காசு அது! இப்ப சம்பளம் வர்ற அக்கவுண்ட்டை வேலிடேட் பண்ணுங்க. பிறகு 'சர்வீசஸ்'ல 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கேளுங்க.

நடுவுல "ரீஃபண்ட் ரெடி, லிங்க்கைத் தொடுங்க"ன்னு எஸ்எம்எஸ் வந்தா, தொடாம டெலீட் பண்ணிடுங்க.