மேசைமேல் ஓடும் புகையிரதம்



புகையிரதம் என்றதும் சிறுவர் முகம் மலர்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். அந்தப் புகையிரதத்தைச் சுருக்கி மேசைமேல் ஓட்டிப் பார்க்கும் ஆசையோ சிறுவரோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நரைத்த தலையினரும் இவ்வியந்திரங்களைப் பொருள் கொடுத்து வாங்கிப் பேணி வருகின்றனர். அவற்றின் தரம் எதிலே உள்ளது, அவை எங்ஙனம் ஓடுகின்றன, ஓடாமற் போவது எதனால் என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். கடையிலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்பொழுது எல்லா இயந்திரமும் அழகாய்த்தான் இருக்கும். அதன் தரம் வெளிப்படுவது ஓடும்பொழுது. அதிலும் மிக மெதுவாக ஓடும்பொழுது.

இவ்விளையாட்டுப் பொருள்கள் தோன்றிய காலத்தில் நீராவியே அவற்றையும் ஓட்டிற்று. 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் பித்தளையாற் செய்த சிறு இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. கொதிகலத்தில் நீரை ஊற்றி, அடியிலே மதுசார விளக்கை ஏற்றி வைத்தால், சற்று நேரத்தில் நீராவி பிறந்து இயந்திரம் புறப்பட்டுவிடும். அவற்றுட் பலவற்றுக்குத் தண்டவாளமே இல்லை. வீட்டுத் தரையிலேயே ஓடின. போன வழியெல்லாம் நீர் சொட்டியமையால் ஆங்கிலேயர் அவற்றுக்குப் ‘பர்மிங்காம் ஒழுக்கிகள்’ என்று பொருள்படும் ஒரு கேலிப் பெயரைச் சூட்டினர். நீர் சொட்டினால் துடைத்துவிடலாம். இயந்திரம் கதிரைக்காலில் மோதிக் கவிழ்ந்தால் எரியும் மதுசாரம் கம்பளத்திலன்றோ பரவும்? அதனைத் தூரத்திலிருந்து நிறுத்துவதற்கும் வழியில்லை. புறப்பட்டுவிட்டால், நீரோ மதுசாரமோ தீரும்வரை அது தன் போக்கிலேயே போய்க்கொண்டிருக்கும்.

ஜேர்மனியிலே கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859இல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம் முதலிற் செய்தவை பொம்மைவீட்டுச் சமையற் பாத்திரங்கள். அதே நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையிலே, முறுக்குவில்லால் ஓடும் புகையிரதத்தை எட்டு என்னும் இலக்க வடிவிலமைந்த பாதையோடு காட்சிக்கு வைத்தது. பாதையின் அகலங்களையும் அது ஒழுங்குபடுத்தி இலக்கமிட்டபடியால், இன்று வாங்கிய தண்டவாளத்தோடு நாளை வாங்குவதையும் இணைக்க முடிந்தது. மெக்கானோவைக் கண்டுபிடித்த லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோர்ன்பி 1920இல் தம் முறுக்குவில் இயந்திரங்களை வெளியிட்டார். வில்லினால் ஓடுவதில் நெருப்புப் பயம் இல்லை. ஆயின், முறுக்கி விட்டவுடன் வில்லுக்கு வேகம் மிகுதி. முதல் வளைவிலேயே இயந்திரம் பாதையை விட்டுப் பாயும். பிறகு தளர்ந்து தளர்ந்து, கைக்கு எட்டாத இடத்திற் சென்று நின்றுவிடும். மின்சாரம் வந்தபின்னரே வேகத்தை ஓட்டுபவர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் இயன்றது. ஹோர்ன்பியின் பெயரால் 1938இல் வெளிவந்த ‘டப்ளோ’ என்னும் சிறிய வகை, மின்சாரப் புகையிரதத்தைச் சாதாரண மேசைக்குள் அடக்கிவிட்டது. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர் மாத்திரமே.

இந்த அகலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிரித்தானியர் ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவுத்திட்டத்திலே, அதாவது ஏறக்குறைய 76இல் ஒரு பங்காக, இயந்திரத்தைச் செய்கின்றனர். அவர்கள் நாட்டுப் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி அது 18.83 மில்லிமீற்றர் ஆதல் வேண்டும். இருந்தும், 16.5 மில்லிமீற்றர்ப் பாதையிலேயே அவ்வியந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. உடல் பருத்து, கால் ஒடுங்கிய கோலம். நம் இலங்கைப் பெரும்பாதையோ 5 அடி 6 அங்குல அகலமுடையது. அதே அளவுத்திட்டத்தில் 22 மில்லிமீற்றர் வரும். நம் நாட்டுப் புகையிரதத்தைப் பிழையின்றிச் செய்ய விரும்புபவர், கடையில் விற்கும் சாதாரணத் தண்டவாளத்தை ஒதுக்கிவிட்டுத் தம் கையாலேயே பாதை அமைக்க நேரும்.

வடிவத்தைச் சுருக்கலாம், இயற்கையின் விதிகளைச் சுருக்க முடியாது. நீளம் 76இல் ஒரு பங்கானால், நிறை 76ஐ மும்முறை பெருக்கி வரும் தொகையில், அதாவது 4,38,976இல், ஒரு பங்காகிவிடுகின்றது. 100 தொன் நிறையுள்ள இயந்திரத்தின் மாதிரி 228 கிராம் நிறுக்கும். அவ்வளவுதான். மேலும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஆவியை நிறுத்திய பின்னும் ஒரு மைல் தூரம் தானே உருளவல்ல புகையிரதம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் மாதிரி 21 மீற்றர் உருளும் என்றன்றோ எண்ணத் தோன்றும்? வேகமும் 76இல் ஒன்றாகக் குறைவதனாலே, உராய்வு ஒரே அளவினது என்று கொண்டாலும், அது உருளும் தூரம் 28 சென்ரிமீற்றர்தான். பெரிய இயந்திரம் தன் வேகத்தாலேயே கடந்துவிடும் சிறு தடைகளிற் சிறியது சிக்கி நிற்பதன் காரணம் இதுவே. தண்டவாளத்தில் ஒரு கடுகளவு அழுக்கு, அங்கே மின்சாரம் ஒரு கணம் அறுந்தது, இயந்திரம் நின்றது.

ஆகையினாற்றான் மெதுவாக ஓடுவதே கடும் பரீட்சை என்றேன். மணிக்கு 60 மைல் வேகம் என்பது இம்மேசையில் விநாடிக்கு 35 சென்ரிமீற்றர். மனிதன் நடக்கும் வேகம் விநாடிக்கு 1.8 சென்ரிமீற்றர். ஓர் அடிக்கோலைத் தண்டவாளத்தின் பக்கத்தில் வையுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இயந்திரம் துள்ளாமலும் திணறாமலும் 17 விநாடியிற் போகுமாயின், அது நல்ல இயந்திரம். விரைவாக ஓடும்பொழுது எந்தக் குறையும் மறைந்துவிடும்.

இப்பரீட்சையில் தேறுவதற்கு வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் உள்ளன. மோட்டாரின் சுழற்சியைத் திருகு போன்ற பற்சில்லு ஒன்று குறைத்துச் சில்லுகளுக்குக் கொடுக்கின்றது. அத்திருகு சில்லைச் சுழற்றுமேயன்றிச் சில்லு திருகைச் சுழற்றமாட்டாது. ஆதலால் மின்சாரம் நின்றதும் சில்லுகள் பூட்டியதுபோல் நின்றுவிடும். இதற்குப் பரிகாரமாக மோட்டாரின் அச்சிலே கனமான பித்தளை உருளை ஒன்றைப் பொருத்துவர். மின்சாரம் அறுந்தாலும் அது சற்று நேரம் சுழன்று இயந்திரத்தைத் தள்ளிவிடும். இவற்றோடு, மின்சாரத்தை எடுக்கும் சில்லுகள் எத்தனை அதிகமோ அத்தனை நன்று.

இனி, இடர்கள். முதலாவது அழுக்கு. தூசியும் எண்ணெயும் மின்பொறியும் சேர்ந்து தண்டவாளத்தின்மேல் ஒரு கரிய படலத்தை உண்டாக்கும். உருக்குத் தண்டவாளமானால் நம்முடையவை போன்ற ஈரக்காற்றுள்ள நாடுகளிலே துருவும் சேரும். ‘நிக்கல் வெள்ளி’ என்னும் கலப்புலோகம் இதற்கு மேலானது; பெயரில் வெள்ளி உண்டேயொழியப் பொருளில் இல்லை. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. இயந்திரம் திணறினால் எண்ணெய் விடுவது பலர் வழக்கம். இது நோயை வளர்க்கும் மருந்து. ஊசிமுனையில் எடுத்த ஒரு துளி அச்சுக்குப் போதும். மிஞ்சியது தண்டவாளத்துக்கு இறங்கி அழுக்கைச் சேர்க்கும்.

அடுத்தது தடம்புரள்வது. ஒரே இடத்தில் எல்லா வண்டிகளும் புரண்டால் குற்றம் பாதையில். ஒரே வண்டி எல்லா இடத்திலும் புரண்டால் குற்றம் அதன் சில்லில். ஓர் அச்சிலுள்ள இரண்டு சில்லுகளின் உட்பக்கங்களுக்கு இடையே 14.5 மில்லிமீற்றர் அளவில் இருத்தல் வேண்டும். அது சற்று ஒடுங்கினாலும், பாதை பிரியும் இடத்திலே சில்லு தண்டவாளத்தின்மேல் ஏறிவிடும். பழைய மெர்க்லின் இயந்திரங்களிலோ வேறொரு விநோதம். அவை ஓடுவது 16 வோல்ற்று வரை. திசையை மாற்றுவதற்கு 24 வோல்ற்று மின்னோட்டத்தை ஒரு கணம் செலுத்துவர். திசைமாற்றியின் மெல்லிய வில் சீராக இல்லாவிட்டால், பின்வாங்க வேண்டிய இயந்திரம் வெருண்ட ஆட்டுக்கடாவைப்போல் முன்னே பாயும். ஜேர்மானியர் இதனைக் கடாப்பாய்ச்சல் என்றே அழைப்பர். அப்பாய்ச்சல் மேசை விளிம்புக்கு அருகில் நிகழுமாயின் அடுத்து நிகழ்வது நிலத்திலே. விளிம்பிற் கைவிரலளவு உயரமுள்ள ஒரு தடுப்பை அமைப்பவர் குறைவு. விழுந்தபின் அமைப்பவரே அதிகம்.

1990களில் அமெரிக்காவில் ஒழுங்குபடுத்தப்பட்டு எங்கும் பரவிய இலக்கமுறைக் கட்டுப்பாட்டிலே, தண்டவாளத்தில் எப்பொழுதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஒவ்வோர் இயந்திரமும் தன் இலக்கத்துக்குரிய கட்டளையை மாத்திரம் ஏற்றுக்கொள்ளும். இது பெரும் வசதி. ஆயின், தடம்புரண்ட சில்லு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால், பாய்கின்ற மின்னோட்டம் அருகிலுள்ள பிளாஸ்ரிக்கை உருக்கிவிடக் கூடும். ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே பல இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே வைத்தாலும் மின்சாரம் உடனே துண்டிக்கப்படல் வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாத ஒன்று உண்டு. 1920களிலும் 1930களிலும் துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் சில்லுகளையும் உடற்பகுதிகளையும் செய்தார்கள். அவ்வுலோகத்திலே மிகச் சொற்பமான ஈயம் கலந்துவிட்டாலும், அதன் மணிகளுக்கிடையே அரிப்பு உண்டாகி ஆண்டுக்கணக்கில் உள்ளேயே பரவும். முதலில் வார்ப்பு சற்று நீண்டு வளையும். பின்னர் மேற்பரப்பிலே வெடிப்புகள் தோன்றும். ஈற்றில் கைபட்டதும் காய்ந்த விசுக்கோத்துப்போல் உதிரும். வெப்பமும் ஈரமும் இதனை விரைவாக்கும். தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது வீதம் தூய்மையான துத்தநாகத்தைக் கொண்டு 1929இல் அமெரிக்காவில் நல்ல கலப்புலோகம் உருவாக்கப்பட்டது. இருந்தும், வார்ப்புச்சாலையிலே ஈயம் கலந்த கழிவுலோகத்தைச் சேர்த்து உருக்கினால் அத்தூய்மையால் என்ன பயன்? தந்தை வாங்கி மகனுக்கு வைத்த எத்தனையோ இயந்திரங்கள் பெட்டியைத் திறக்கும்பொழுது பொடியாய்க் கிடந்திருக்கின்றன. அண்மைக்காலத்து வார்ப்புகளிலும் இந்நோய் காணப்பட்டதுண்டு.

புதியவற்றுக்கு வேறு நோயும் இருக்கின்றது. உருக்கு அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்ரிக் பற்சில்லு காலப்போக்கிற் சுருங்கி வெடிக்கும். வெடித்த இடத்திற் பற்களின் இடைவெளி விரிவதால், ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று ஒலிக்கும், பின்னர் பூட்டிக்கொள்ளும். இக்காலத்து இயந்திரங்களின் வெளியழகைக் குறைகூற இடமில்லை, ஆணித்தலைகளைக்கூட எண்ணிவிடலாம். அவ்வழகிற் செலவிடும் கவனத்திற் பாதியைப் பற்சில்லிற் செலவிட்டிருந்தால் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. ஆணித்தலை ஒன்று குறைந்தால் இயந்திரம் ஓடாமல் நிற்கப் போவதில்லை.

பழைய இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தால், முதலில் அதனைத் தலைகீழாகத் திருப்புங்கள். சில்லுகளின் விளிம்பிலும் அடிச்சட்டத்திலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள். அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்று பாருங்கள். சட்டம் வளைந்திருந்தால் நோய் தொடங்கிவிட்டது. இவை சரியென்று கண்டபின், விற்பவரிடம் இரண்டு முழத் தண்டவாளம் கேட்டு வாங்கி, மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டிக் காட்டினால், விலையை மறுபடியும் பேசுங்கள்.